வெப்பத்தை வென்ற நினைவு

கற்றதை மறவாதிருத்தலே கல்விக்கு அழகு. கணினிக்கும் இது பொருந்தும். நினைவு அழிந்த கணினி வெறுங் கூடே. அந்நினைவுக்குப் பெரும் பகையாய் நிற்பது வெப்பம்.

1982ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி, சோவியத் நாட்டின் வெனேரா 13 என்னும் விண்கலம் வெள்ளிக் கிரகத்தில் இறங்கியது. அங்கு நிலத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 460 பாகை செல்சியஸ். ஈயமும் உருகியோடும் வெப்பம் அது. 32 நிமிடங்களுக்கென அமைக்கப்பட்ட அக்கலம் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. கோடிக்கணக்கான மைல்களைக் கடந்து சென்ற கலத்துக்கு அங்கே கிடைத்த ஆயுள் அவ்வளவே!

சாதாரணக் கணினிகள் அவ்வெப்பத்தில் இயங்காமைக்குக் காரணம் யாது? அவை சிலிக்கனால் ஆனவை. மின்னை ஓடவிடுவதும் தடுத்து நிறுத்துவதுமே சிலிக்கனின் திறன். வெப்பம் மிகுந்தால் இலத்திரன்கள் கட்டறுத்துத் திரியும். ஓட்டத்துக்கும் தடைக்கும் வேறுபாடு அற்றுப்போகும். நினைவாகச் சேமித்த மின்னேற்றமும் ஓட்டைக் குடத்து நீர்போல் ஒழுகிவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இதற்கு வேறு வழி கண்டு, 2024ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அலுமினியம், ஸ்கண்டியம், நைதரசன் ஆகிய மூன்றும் சேர்ந்த படலமொன்றை நிக்கலுக்கும் பிளாற்றினத்துக்கும் இடையே அவர்கள் அமைத்தனர். மின்னழுத்தம் கொடுத்ததும் அதன் அணுக்கள் ஒரு பக்கமாக இடம்பெயரும். மின்னை நிறுத்திய பின்னரும் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் நின்றால் 1, மறுபக்கம் நின்றால் 0. அணுக்களின் பிணைப்பு வலியதாதலால் வெப்பம் அவற்றை எளிதில் அசைக்க மாட்டாது.

படலத்தின் தடிப்பிலேதான் நுட்பம் உள்ளது. மிக மெலிந்தால் பொருள் சிதையும். மிகத் தடித்தால் நிலைமாற்றப் பெரும் மின்னழுத்தம் வேண்டும். அவர்கள் கொண்ட அளவு 45 நனோமீற்றர், அதாவது ஒரு தாளின் தடிப்பில் ஏறக்குறைய ஈராயிரத்தில் ஒரு பங்கு. இந்நினைவகம் 600 பாகை வெப்பத்தில் 60 மணித்தியாலத்துக்கு மேலாகத் தன் பதிவைக் காத்தது. பத்து இலட்சம் முறை படித்தும் பழுதுறவில்லை. 15 வோல்ற்றுக்குக் குறைந்த மின்னழுத்தமே அதற்குப் போதுமாயிற்று.

எனினும், நினைவு மட்டும் இருந்தாற் போதாது. கணக்கிடும் உறுப்பும் வெப்பந் தாங்க வேண்டும். நாசா நிறுவனத்தார் சிலிக்கன் காபைட்டினால் அமைத்த சுற்றுக்கள், வெள்ளியின் சூழலை ஒத்த கூடத்தில் 21 நாட்கள் இயங்கியமை 2016இல் வெளிவந்தது. இவ்விரண்டும் இசைந்து ஒன்றாகுமாயின், ஆழ்கிணறுகளிலும் விமான எந்திரங்களின் உள்ளும் கணினி காவலிருக்கும். வெள்ளிக்குச் செல்லும் அடுத்த கலமும், நிமிடங்களை எண்ணாது நாட்களை எண்ணி, தான் கண்டதை மறவாது எடுத்துரைக்கும்.