அத்தாவின் பிரீமியம் ஏறினால் யாரைக் கேட்பது?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஷூரன்ஸ் கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை நான் இங்கே தொடப் போவதில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு, அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாலிசி எடுத்து வருடா வருடம் பணம் கட்டி வரும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் நிறைய இருக்கின்றன. என் பேச்சு அவர்களுக்குத்தான்.

நம் வீடுகளில் நடப்பது இது. மகன் துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறார். அத்தா, அம்மா பெயரில் மருத்துவக் காப்பீடு போட்டிருக்கிறார். வருடம் ஒருமுறை புதுப்பிக்க நோட்டீஸ் வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு அது புரியாது, மகனுக்குப் படிக்க நேரமில்லை. தொகை மட்டும் திடீரென்று கூடியிருக்கும். ஏஜெண்டைக் கேட்டால், "எல்லாருக்கும் ஏறியிருக்கு பாய், கவர்மெண்ட் ஏத்திட்டாங்க" என்பார்.

அரசு ஏற்றவில்லை. விலையை வைப்பது கம்பெனி. அதைக் கண்காணிப்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று சொல்லப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, தலைமையகம் ஹைதராபாத்.

இந்த ஆணையம் 2025 ஜனவரி 30 அன்று ஓர் உத்தரவு போட்டது. 60 வயது நிரம்பியவர்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றக் கூடாது. அதற்கு மேல் ஏற்ற நினைத்தால் முதலில் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும். முதியோர் வைத்திருக்கும் தனிநபர் பாலிசித் திட்டத்தை நிறுத்துவதாக இருந்தாலும் அப்படித்தான். கவனியுங்கள், ஏற்றவே முடியாது என்று சொல்லவில்லை, கேட்காமல் ஏற்றக் கூடாது என்கிறது. 60-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. 45 வயதில் சர்க்கரை வந்து நிற்கிற நம் கடைக்காரர்களை இது காப்பாற்றாது. என்னைக் கேட்டால் இது பாதிக் காவல்தான். ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு யாரும் கடிவாளம் போடாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனியை மட்டும் பிடித்து நிறுத்தினால் எத்தனை நாள் நிற்கும்? ஆனால் இருக்கிற பாதியையாவது நாம் பயன்படுத்த வேண்டாமா?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. பெரியத்தா ஒருவருக்கு அசல் பிரீமியம் 20,000 என்று வையுங்கள். வரி 3,600 சேர்த்து 23,600 கட்டியிருப்பார். அடுத்த நோட்டீசில் 23,000 என்று வருகிறது. "அல்ஹம்துலில்லாஹ், 600 ரூபாய் குறைஞ்சிருக்கு" என்று கட்டிவிடுகிறார். குறையவில்லை! வரி போய்விட்டதால் அந்த 23,000 முழுவதும் அசல் பிரீமியம். 20,000 என்பது 23,000 ஆகியிருக்கிறது. 15 சதவீத உயர்வு. 10 சதவீதம் என்றால் 22,000-தான் வந்திருக்க வேண்டும். ஆகவே ரசீதின் அடியில் இருக்கும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், வரிக்கு மேலே இருக்கும் அசல் பிரீமியத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும், கம்பெனி வேலையில் கிடைக்கும் குரூப் பாலிசிக்கு இந்த வரி விலக்கு இல்லை.

கூடியிருந்தால் என்ன செய்வது? கோபத்தில் பாலிசியை விட்டுவிடாதீர்கள். அதுதான் பெரிய நஷ்டம். 68 வயதில், சுகரும் பிரஷரும் இருக்கும்போது புதுப் பாலிசி எடுத்தால், பழைய நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டியவரிடம், மோசடியை நிரூபிக்காமல், நீ அன்றைக்கு நோயை மறைத்தாய் என்று கிளைமை மறுக்க முடியாது. விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமானால் போர்ட் செய்யுங்கள். காத்திருந்த காலம் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் மனுப் போடுங்கள். புதுக் கம்பெனி மறுக்கவும் செய்யலாம், அதனால் அங்கே சம்மதம் வரும்வரை பழையதைக் கைவிடாதீர்கள்.

கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள்: வயது கூடியதற்காக எவ்வளவு, விலைப்பட்டியலை மாற்றியதற்காக எவ்வளவு, கூடுதல் சேர்க்கைகளுக்காக எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏஜெண்டிடம் வாயால் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பி, அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணில், அல்லது பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். 30 நாளில் கம்பெனி தீர்க்கவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். சென்னையில் தேனாம்பேட்டை அண்ணா சாலையில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பிரீமியத் தகராறையும் அங்கே கொண்டு போகலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பிரீமியமே கட்ட முடியாத குடும்பங்களும் இந்தச் சபையில் இருக்கின்றன. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை, பிரீமியம் அரசு கட்டுகிறது. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். இதில் சேர வெட்கப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது ஸதக்கா இல்லை, நம் வரிப்பணம்.

இன்ஷா அல்லாஹ், கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் இங்கேயே இருப்பேன். போன வருட ரசீதும் இந்த வருட நோட்டீசும் கையில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொண்டு வராதவர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லி இரண்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள்.