விளையாட்டு விழாவும் நகர வண்டிகளும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரில் தேர்த் திருவிழா வருமுன் நான்கு மாட வீதிகளையும் செப்பனிடுவது நம்மவர் வழக்கம். சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடுமென்னும் அச்சத்தால் மேடுபள்ளம் நிரவப்படும். வீதிவரை நீண்டு நிற்கும் கூரைகளும் பந்தல்களும் பின்வாங்கும். தேர் நிலைக்கு வந்தபின் அவ்வீதிகளிற் சிலவற்றிற்கு அடுத்த ஆண்டு வரை மண்வெட்டியின் தரிசனமே கிட்டுவதில்லை. இக்காலத்துப் பெருநகரங்கள் சர்வதேச விளையாட்டு விழாக்களை வரவழைக்கும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவேயாகும்.

2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுக்கள் அகமதாபாத் நகரில் நடைபெறுமென்று 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முடிவாயிற்று. அந்நகரின் மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருதலை நீங்கள் அறிவீர்கள். நம் சங்கத்து உறவினரும் அங்கு உளர். அவர்கள் நகரத்தில் இனி எத்தனையோ பாதைகள் தோண்டப்படும், பாலங்கள் எழும்பும். அவற்றுள் எவை விழா முடிந்தபின்னும் அவர்களுக்குப் பயன்படும் என்பதே நம் கேள்வி. இதற்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. டில்லி மாநகர் இத்தகைய விழாக்களை 1951, 1982, 2010 ஆகிய ஆண்டுகளில் நடத்தியிருக்கிறது. முதலாவதை விடுத்துப் பின்னிரண்டையும் சற்று நோக்குவோம்.

1982-ஆம் ஆண்டு நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை ஆசிய விளையாட்டு நடைபெற்றது. அதற்கென ஜவாஹர்லால் நேரு மைதானம் கட்டப்பட்டது, மேம்பாலங்கள் எழுந்தன, வர்ணத் தொலைக்காட்சியும் அவ்வாண்டிலேதான் நம் நாட்டில் தோன்றியது. இவற்றைக் கட்டிய கைகள் ராஜஸ்தானம், உத்தரப்பிரதேசம், ஒரிஸா முதலிய இடங்களிலிருந்து வந்த கூலியாட்களுடையவை. நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு கூலி. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் பிடித்துக்கொள்வான். இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு விலக்கிய கட்டாய வேலையேயாகும் என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. மேம்பாலத்தின் மீது மோட்டார் வண்டியிற் செல்வோர் இத்தீர்ப்பை அறிவது நன்று. நம் முன்னோரிற் பலர் கூலிக்குக் கல் சுமந்தவர்களேயன்றோ!

அவ்விழாவை முன்னிட்டு நடந்த மற்றொரு காரியமே இன்று நாம் விரிவாகப் பேச விரும்புவது. நகரைச் சுற்றி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுள்ள வட்ட இருப்புப்பாதை ஒன்றுண்டு. சரக்கு வண்டிகள் நெரிசல் மிக்க பழைய டில்லி, புது டில்லி ஸ்டேஷன்களுக்குள் நுழையாமற் சுற்றிச் செல்லும்பொருட்டு 1975-இல் ஏற்பட்டது அது. விழாவுக்காக அதிற் பிரயாண வண்டிகள் 24 கூடுதலாக விடப்பட்டன. படத்திற் பார்த்தால் இதனினும் அழகான ஏற்பாடு வேறில்லை. நகரின் எப்பகுதியிலிருந்தும் எப்பகுதிக்கும் ஒரே வளையத்திற் போய்ச் சேரலாம். தண்டவாளம் முன்னமே இருத்தலின் செலவும் குறைவு.

ஆயினும் விழா முடிந்தபின் ஜனங்கள் அதில் ஏறவில்லை. காரணம் யாதெனின், ஸ்டேஷன்கள் பல சரக்குப் போக்குவரத்துக்கு ஏற்ற இடங்களில் இருந்தனவேயன்றி, மனிதர் நடமாடும் கடைவீதிக்கும் பஸ் நிற்குமிடத்திற்கும் அருகில் இல்லை. இறங்கியவர் விளக்கற்ற சந்துகளைக் கடந்து தெருவுக்கு வர வேண்டும். வந்தபின் அங்கிருந்து வீடு சேர வேறு வண்டி கிடையாது. ஒரு வண்டி போனால் அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். சரக்கு வண்டிக்கும் தூரதேசத்து விரைவு வண்டிக்கும் வழிவிட்டு இது நடுவழியில் நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி வரை செல்லும். பெண்மக்கள் அந்தி மங்கிய பின் இப்பாதையை நாடுவரோ? தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது, ஸ்டேஷனும் இருந்தது. ஸ்டேஷனுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலுள்ள அரை மைல் மட்டுமே ஒருவராலும் கவனிக்கப்படவில்லை. அந்த அரை மைல் எவ்விலாகாவிற்கும் உரியதன்று என்பதே நம் நாட்டின் விசித்திரம்! ரயில்வேயார் தம் மதிற்சுவரோடு நின்றுவிடுவர். பஸ் நடத்துவோர் தம் நிறுத்தத்தோடு நின்றுவிடுவர்.

இக்குறையை நிவர்த்திக்க எத்தனை காலமாயிற்றெனில், ஏறக்குறைய அதே வளையத்தையொட்டி, ரிங் ரோடு என்னும் சாலை வழியே, மெட்ரோ வண்டியின் இளஞ்சிவப்புப் பாதையின் முதற்பகுதி 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்டது. இடைப்பட்டவை முப்பத்தாறு ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கும் மேல். 1982-இல் பள்ளிக்குச் சென்ற குழந்தை அதற்குள் தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும்.

இனி 2010-க்கு வருவோம். இம்முறை நகரின் பாக்கியம், விழாவை எண்ணாமலே ஒரு நல்ல காரியம் தொடங்கப்பட்டிருந்தமை. டில்லி மெட்ரோ ரயில் கழகம் 1995-இல் அமைந்தது. ஸ்ரீதரன் அவர்களின் நிர்வாகத்தில் முதல் வண்டி 2002 டிசம்பர் 24-ஆம் நாள் ஷாஹ்தராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையில் ஓடிற்று. விழா டில்லிக்கென முடிவானது 2003 நவம்பரில். ஆகவே விழா வந்து செய்ததெல்லாம், நடந்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு தவணைத் தேதி குறித்தமையே. அத்தேதியால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்குச் செல்லும் ஊதாப் பாதை, விழா தொடங்கிய அக்டோபர் 3-ஆம் நாளிலேயே திறக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள், ஒவ்வொரு வண்டியிலும் முதற்பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. விளையாட்டு வீரர் வந்து போயினர், அப்பெட்டி நிலைத்தது. அலுவலகம் செல்லும் எத்தனையோ பெண்மக்கள் அதனால் நிம்மதியடைந்தனர். அவ்விழா விட்டுச் சென்றவற்றுள் இதையே யாம் முதலாகக் கருதுவோம்.

அவசரத்தின் விலையும் சிறிதன்று. 2009 ஜூலையில் ஜம்ருத்பூரில் பாதையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து ஆறு பேர் மாண்டனர். 2010 செப்டம்பரில், விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னர், மைதானத்தின் அருகே கட்டப்பட்டுவந்த நடைபாலம் சரிந்து கூலியாட்கள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். விமான நிலையத்துக்குச் செல்லும் விரைவுப் பாதையோ விழாவுக்குள் முடியவேயில்லை. 2011 பிப்ரவரியிலேதான் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்திற் குறைகள் காணப்பட்டு, 2012 ஜூலை முதல் சுமார் ஆறு மாதம் மூடிக் கிடந்தது. அதை நடத்திவந்த தனியார் கம்பெனியும் 2013-இல் விலகிக்கொள்ள, மெட்ரோ கழகமே ஏற்று நடத்தலாயிற்று.

பிற நாட்டாரும் இதில் வெவ்வேறு விதமாக நடந்திருக்கின்றனர். டோக்கியோவில் 1964 அக்டோபர் 10-இல் ஒலிம்பிக் தொடங்க, ஒசாகா செல்லும் அதிவேக ரயில் அதற்கு ஒன்பது நாள் முன்னரே ஓடத் தொடங்கிற்று. லண்டன் நகரத்தார் 2012-இல் நுழைவுச் சீட்டு வாங்கியவருக்கு அன்றைய நகரப் பிரயாணச் சீட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டனர். மோட்டார் வண்டியை வீட்டிலேயே விட்டு வா என்று ஆயிரம் விளம்பரம் செய்வதினும் இந்த ஒரு சீட்டு மேலானது. இதற்குப் பெரும் பாலமோ சுரங்கமோ வேண்டுவதில்லை. மனம் மட்டுமே வேண்டும்.

அகமதாபாத்தின் நிலைமை டில்லியினும் அனுகூலமானது என்றே சொல்ல வேண்டும். 1947 முதல் நகரசபையின் பஸ்கள் அங்கு ஓடி வருகின்றன. தனிப்பாதையிற் செல்லும் ஜன்மார்க் பஸ்கள் 2009-இல் வந்தன. மெட்ரோ 2019-இல் தொடங்கி, 2022-இல் விரிவடைந்து, மோட்டேராவிலுள்ள பெரிய மைதானத்தின் அருகிலும் நிற்கிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய மைதானம் அது. ஆகவே அங்கு இன்னும் வேண்டுவன புதிய அதிசயங்கள் அல்ல. இம்மூன்றையும் ஒன்றோடொன்று கூட்டிவைக்கும் சிறு காரியங்களே வேண்டுவன: ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும் சிறு பஸ், முதியோர் இடறாமல் நடக்கக்கூடிய நடைபாதை, விளக்கு. இவற்றின் திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் வருவதில்லையாதலால், கேட்பாரின்றி இவை நடைபெறமாட்டா.

இதன்பொருட்டு அகமதாபாத் வாழ் நம் அன்பர்கள் நகரசபைக்கு விடுக்கத்தக்க விண்ணப்பம் ஒன்றை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அதில் மூன்றே கோரிக்கைகள் உள. ஸ்டேஷன்களுக்குச் செல்லும் தெருக்களில் நடைபாதையும் விளக்கும் 2030-க்கு முன்னரே முடிய வேண்டும்; விழாவுக்கென விடப்படும் பஸ்கள் எவையெவை விழாவுக்குப் பின்னும் நிலைக்கும் என்பதை இப்போதே அச்சிட்டு வெளியிட வேண்டும்; வேலை செய்யும் கூலியாட்களின் கூலி விகிதத்தை ஒவ்வொரு வேலையிடத்திலும் குஜராத்தியிலும் ஹிந்தியிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். குஜராத்தி மொழிபெயர்ப்பை அங்குள்ள உறவினர் ஒருவர் செய்துதர இசைந்திருக்கிறார். அந்நகரில் உறவினர் உள்ளவர்கள் கூட்டம் கலையுமுன் தத்தம் உறவினரின் விலாசத்தைக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்தால், விண்ணப்பப் பிரதிகள் இம்மாதத்துக்குள்ளேயே தபாலில் அனுப்பப்படும்.