சரளைப் பாதையும் நம் மிதிவண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசக் கற்றறிந்தோர் ஆண்டுதோறும் வருகின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றோர்க்கு அது ஆகாத காரியம். ஆகவே செயலாளர் அவர்களிடம் முன்னரே அனுமதி பெற்று, நாங்கள் அறிந்த பொருள் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். நம் குடியிருப்பினர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மிதிவண்டி ஏறி, மாவள் நாட்டுச் சரளைப் பாதைகளில் சுற்றி வருகிறோம் அன்றோ, அதுவே எங்கள் பொருள்.

அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் பழைய மும்பை நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசிச் சென்றதில், நம் பையன் ஒருவனுக்குக் கால் எலும்பு முறிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இறைவன் அருளால் இன்று அவன் நன்றாக நடக்கிறான். ஆனால் அன்று முதல் நம் குடியிருப்பின் மிதிவண்டிகளெல்லாம் மாடிப்படியின் கீழே சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டுவிட்டன. பெற்ற வயிறு அஞ்சுவது இயல்பே. தாய்மார்களைக் குறைகூற நாங்கள் துணியோம். எனினும் அன்று பழுதாயிருந்தது வண்டியா, சாலையா என்று கேட்க விரும்புகிறோம். நெடுஞ்சாலை பாரவண்டிகளுக்கு உரியது. 2002ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச்சாலையிலோ மிதிவண்டிக்கு அனுமதியே இல்லை. நமக்குரிய சாலை வேறு. அது சிஞ்ச்வடிலிருந்து லோக்கல் வண்டியில் சிறிது தொலைவு சென்றால் கிட்டிவிடுகிறது.

சரளை என்றவுடன் ரயில்வேக்காரர்களுக்குத் தண்டவாளக் கட்டைகளின் அடியில் கொட்டிய ஜல்லி நினைவு வரும். அது வேறு. அது 20 முதல் 65 மில்லிமீட்டர் அளவுள்ள உடைகல். கூர்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாரத்தைத் தாங்க வேண்டும். நீரையும் வடியவிட வேண்டும். அதன்மேல் மிதிவண்டி விட்டால் பல் ஆடிப்போகும். நாங்கள் சொல்லும் சரளைக்கு இவ்வூரார் வழங்கும் பெயர் முரூம். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததே தக்காணத்துக் கரும்பாறை. அது வெயிலாலும் மழையாலும் இற்றுப் பொடிந்து, மஞ்சளும் செம்மையுமாக மாறியதே முரூம். கல்லும் மண்ணும் கலந்திருப்பதால், நீர் தெளித்து உருளை ஓட்டினால் இறுகிவிடும். வயலுக்கும் வாடிக்கும் செல்லும் வழிகள் பல இதனால் ஆனவை. மாட்டு வண்டி, டிராக்டர், பால்காரரின் மோட்டார் சைக்கிள், இவற்றைத் தவிர அங்கே வேறு வாகனம் காண்பது அரிது.

இத்தகைய வழிகளுக்கென்றே புதுவகை மிதிவண்டிகள் இப்பொழுது கடைகளில் வந்துள்ளன. வளைந்த கைப்பிடியும், 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்ற டயரும் உடையவை. நல்ல வண்டி ஒன்றின் விலையைக் கேட்டால் எங்கள் ஒரு மாதச் சம்பளம் போதாது. ஆனால் நம் வீட்டுப் பழைய கறுப்பு வண்டியின் டயரில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்: 28க்கு 1½ அங்குலம். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். புதுமை என்று விற்கப்படுகிற அகலத்தில் நம் தந்தையர் அலுவலகத்துக்குப் போய் வந்தனர்! 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் ஹெர்குலிஸ் வண்டி ஒன்று எங்கள் குழுவில் இன்றும் ஓடுகிறது. டயரில் காற்று கல்போல் இருத்தல் கூடாது. சற்றுத் தளர்த்தினால் சக்கரம் கல்லை எற்றாமல் தழுவிச் செல்லும்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்கமாட்டோம். பழைய வண்டிக்குக் கியர் ஒன்றுதான். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமவெளிக்கு நன்று, மேட்டுக்கு ஆகாது. 1863இல் திறக்கப்பெற்ற போர் காட் இருப்புப்பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 37க்கு 1. அதற்கே ரயிலின் பின்னால் தள்ளு எஞ்சின்கள் பூட்டுகிறோம். சரளைப் பாதையில் 10க்கு 1 என ஏறும் இடங்களும் உள்ளன. எஞ்சினுக்கே தள்ள ஆள் வேண்டியிருக்க, நாம் இறங்கித் தள்ளுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

இனி நாட்டின் அமைப்பைச் சொல்வோம். புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர். லோனாவளா சுமார் 620 மீட்டர். 64 கிலோமீட்டருக்கு 60 மீட்டர் ஏற்றமே. காரணம், நம் இருப்புப்பாதை இந்திராயணி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டே செல்கிறது. அதற்குத் தெற்கே மலை. மலைக்கு அப்பால் பவனா ஆறு. வடக்கே நாணே மாவள். அதற்கும் வடக்கே ஆந்தர் மாவள். அங்கு ஓடும் ஆற்றின் பெயர் ஆந்திரா. (தெலுங்கு நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, எங்கள் குழுவின் நெல்லூர்க்கார நண்பர் முதலில் மிகவும் மகிழ்ந்து போனார்.) ஒரு பள்ளத்தாக்கினுள் செல்வது எளிது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டுவதே கடினம். தாண்டும் கணவாயை இவ்வூரார் கிண்ட் என்பர்.

எங்களுக்கு மிகவும் உவப்பான வழி பவனா வழி. மிதிவண்டிகளை ஒரு டெம்போவில் ஏற்றி விடியுமுன் அனுப்பிவிட்டு, முதல் லோக்கலில் காம்ஷேத் சென்று இறங்குவோம். அங்கிருந்து தெற்கே, தார்ச்சாலையை இயன்றவரை விலக்கி, வயலோர வழிகளில் பேட்சே குகைகளை அடையலாம். அக்குகை கிழக்கு நோக்கியது. காலைக் கதிர் நேரே உள்ளே விழும். தூண்களின் உச்சியில் யானைமீதும் குதிரைமீதும் அமர்ந்தோர் அவ்வேளையில் உயிர் பெற்றவர்போல் தோன்றுவர். ஈராயிரம் ஆண்டுப் பழமை. நாங்கள் கொண்டுபோகும் புளிச்சோறு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு பவனா நீர்த்தேக்கத்தின் கரையோரம் சென்று, தூதிவரே கிண்டில் மூச்சு வாங்க ஏறி, லோகட் கோட்டையின் அடிவாரத்தைச் சுற்றினால், லோகட்டுக்கும் விசாப்பூருக்கும் இடையே காய்முக் கிண்ட். அதைக் கடந்தால் பாஜே குகைகள் வழியாக மளவ்லி ரயில் நிலையம் வரை இறக்கமே. மொத்தம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். சில இடங்கள் தார், சில இடங்கள் சிமெண்டு, எஞ்சியவை சரளை. இவ்வழியில் காடும் உண்டு. நாவலும் கடுக்காயும் நிற்கும். கோடையில் களாப்பழம் பறிக்கலாம். சரிவுகளில் கார்வி என்றொரு புதர் உண்டு. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுதும் பூக்கும். நம் நீலகிரிக் குறிஞ்சியின் இனம் அது.

ஆந்தர் மாவள் வழி அமைதியானது. கான்ஹேயிலிருந்து டாக்வே, வடேஷ்வர் வழியாகக் குசூர் வரை செல்லலாம். அங்கே பீடபூமி முடிந்து, கொங்கணம் கீழே பாதாளத்தில் கிடக்கும். 1922இல் ஆந்திரா ஆற்றை மறித்துத் தோகர்வாடி அணையைக் கட்டி, நீரை மேற்கே மலையடியிலுள்ள பிவ்புரிக்கு விழச்செய்து மின்சாரம் எடுக்கின்றனர். அந்நீர் அரபிக்கடலுக்குப் போகிறது. மறிக்கப்படாத நீரோ இந்திராயணியில் கலந்து, பீமாவாகி, கிருஷ்ணாவாகி, வங்கக்கடலை நோக்கிச் செல்கிறது. 1976ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மகாராஷ்டிரமும் தன் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்ததனால், 1996 முதல் பூண்டி வழியே சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கிடைக்கிறது. சென்னையிலுள்ள நம் உறவினர் குடிக்கும் நீரில் மாவள் மழையும் ஒரு துளி இருக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். நம்ப மறுத்து, வீட்டில் நிலப்படம் எடுத்துப் பார்த்தார்களாம்.

அது தொலைவிலுள்ள செய்தி. அண்மையிலுள்ளது வேறு. பவனாக் கரையில் ஒரு தேநீர்க் கடையில் வயதான விவசாயி ஒருவர் எங்கள் பிள்ளைகளிடம், எந்த ஊர் என்று வினவினார். சிஞ்ச்வட் என்றனர். "அப்படியானால் எங்கள் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள்தாம்" என்றார். உண்மையே. நம் குழாயில் வருவது பவனா நீர். அணைக்காக நிலம் கொடுத்தவர் பலர். அணையிலிருந்து மூடிய குழாய் வழியே நகருக்கு நீர் கொணரும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் 2011 ஆகஸ்ட் 9 அன்று விரைவுச்சாலையில் மறியல் செய்தபோது, போலீசார் சுட்டதில் மூவர் மாண்டனர். அதைக் காகா அழாமல் சொன்னார். எங்களால்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நம்மில் பலர் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்துவிட்டோம். அந்த வயல்களை ரயில் சன்னல் வழியே ஆயிரம் முறை கண்டோம். அங்கிருப்பவரோடு ஒரு சொல் பேசியதில்லை. பிள்ளைகளை நாங்கள் சரளையில் அழைத்துச் செல்ல விரும்புவதன் காரணம் இதுவே. உடற்பயிற்சி அதற்குப் பின்னர்தான்.

அவ்வழிகள் பெரும்பாலும் விவசாயிகள் தம் நிலத்தில் விட்ட வழிகள். எனவே படலைத் திறந்தால் மீண்டும் சாத்த வேண்டும். நாற்றங்கால் ஓரத்தில் சக்கரம் படலாகாது. கோடையில் நாற்றங்கால் நிலத்தில் தழையும் சுள்ளியும் பரப்பிக் கொளுத்துவர். ராப் என்பது அதன் பெயர். தஞ்சாவூர்க்காரர்கள் தழையை மிதித்து உரமாக்குவர். இவர்கள் எரித்து ஆக்குகின்றனர். அதனைக் குப்பை எரிப்பதாக எண்ணி அறிவுரை கூறவேண்டா. நாம் கடையில் கேட்டு வாங்கும் இந்திராயணி அரிசி இவ்வயல்களில் விளைவது. வழி கேட்கும்போது மராத்தியில் கேளுங்கள். தவறாகப் பேசினாலும் மகிழ்வர்.

மழைக்காலத்தில் நாங்கள் செல்வதில்லை. லோனாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புனேயில் சுமார் 700. ஆடி மாதத்தில் முரூம் வழுக்கும். தாழ்ந்த வயலோரங்களில் கோவில்பட்டிக் கரிசல்போல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கார்த்திகை முதல் மாசி வரை உகந்த காலம். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சறுக்கும். இரண்டையும் மெல்லப் பிடித்தல் வேண்டும். முன்னே ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், பிள்ளைகள் நடுவில். தலைக்கவசம் இல்லாதவர்க்கு இடமில்லை. இவ்விதி சங்கத் தலைவருக்கும் உண்டு.

பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். இப்பொழுது இருவர் வருகின்றனர். தூதிவரே கிண்டில் இறங்கித் தள்ளாமல் ஏறியவர் எங்கள் குழுவில் இதுவரை ஒருவரே. அது அவ்விருவரில் இளையவள். பூப்பு நீராட்டு விழாவோடு வண்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தை நம் குடியிருப்பு இனியேனும் விட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். இதனால் சிலர் மனம் வருந்தினும் சொல்லத்தான் வேண்டும்.

மார்கழி இரண்டாம் ஞாயிறு பவனா வழி. டெம்போவில் 14 வண்டிகளுக்கு இடமுண்டு, 9 நிரம்பிவிட்டன. பெயர் கொடுப்போர் வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் சங்க அறையில் கொடுக்கலாம். பஞ்சர் ஒட்டும் சாமான் எங்களிடம் உள்ளது. காற்றுப் பம்பு ஒன்று உதவினால் நன்று.