மறதி வேறு, மறதி நோய் வேறு
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் புதிதல்ல. பென்ஷன் வாங்கிப்போன பெரியவர் அரை மணியில் மறுபடி வரிசையில் நிற்பார். கையெழுத்து ஒத்துப்போகாது. "வயசாச்சு, அப்படித்தான்" என்பார்கள் வீட்டில்.

அப்படி விட்டுவிடக் கூடாது. பெரிய மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்க மறந்தால் அது வயது. பல வருஷம் நடந்த நேரு வீதியில், வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று திகைத்து நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நம் பிளாக்குகளில் எத்தனை பேர் வரும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

இது ஒரே நோயல்ல. அதிகம் வருவது அல்சைமர். முன்னாள் மத்திய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கு வந்தது இதுதான். நேற்று நடந்தது மறக்கும், பள்ளிக்கூடக் கதை நிற்கும். அடுத்தது மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் வருவது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குப் படிப்படியாக இறங்கும். பிபி, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தால் இந்த ஆபத்தைக் குறைக்கலாம். லூயி பாடி என்று ஒரு வகை: இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், நடை தளரும். மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். நீங்களாக மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மனநல மருந்துகள் இவர்களுக்கு ஆபத்து. மூளையின் முன்பகுதி பாதித்தால் நினைவு இருக்கும், குணம் மாறும். 60 வயதுக்கு முன்பேகூட வரலாம்.

பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் மறதியாகத் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதற்காகவாவது ஜிப்மரிலோ, உங்கள் டாக்டரிடமோ காட்டுங்கள்.

இனி என் தொழில் விஷயம். நோய் முற்றியபின் பவர் பத்திரம் எழுத முடியாது. முன்பே எழுதியதும், எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பிறகு, காப்பாளராக நியமிக்கச் சொல்லி கோர்ட் ஏற வேண்டும். மருந்து வாங்கக்கூட அவர் பணத்தைத் தொட முடியாது. ஆகவே அவருக்குப் புரியும்போதே, அவர் சம்மதத்தோடு, பென்ஷன் கணக்கில் கணவன் அல்லது மனைவி பெயரைச் சேருங்கள். நாமினி, உயில் இரண்டையும் முடியுங்கள். ஓடிபி கேட்டு வரும் போன்களை வீட்டில் இன்னொருவர் கவனிக்கட்டும்.

வழிகாட்டல் வேண்டுமானால் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.