உப்பும் விழித்திருக்கும் கைகளும்

(காஞ்சிபுரத்தில் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் பிரசவப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ஓர் உப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சமையல் உப்பு அல்ல. உங்கள் பாட்டிமார் வயிறு சுத்தமாகக் குடிக்கக் கொடுத்த பேதியுப்பு. மருத்துவத்தில் இதற்கு மெக்னீசியம் சல்பேட் என்று பெயர். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு நீரூற்றிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் காய்ச்சியெடுத்த உப்பு இது. இன்று பிரசவ வார்டில் தாய்மாரின் உயிரைக் காப்பதும் இதுவே.

சல்பேட் என்றதும் ஏதோ புதிய இரசாயனம் என்று எண்ண வேண்டாம். கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் அது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் படிகாரமும் ஒரு சல்பேட்டே. அந்தக் காலத்தில் சாயம் நூலில் பிடிக்கச் சேர்த்ததும் அதே படிகாரம் என்பதை நெசவுக் குடும்பத்துப் பெரியவர்கள் அறிவீர்கள்.

நம் உடம்பிலும் சல்பேட் உண்டு. பால், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து உடம்பே அதைத் தயாரித்துக்கொள்கிறது. மூட்டுகளின் குருத்தெலும்பு தண்ணீரைப் பிடித்துவைத்து மெத்தென்று இருப்பதற்கு அதில் பிணைந்துள்ள சல்பேட் காரணம். நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் ஒரு பகுதியைக் கல்லீரல் சல்பேட்டோடு சேர்த்தே வெளியேற்றுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்திலும் சல்பேட் நிறைந்திருக்கிறது.

கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்கோ சல்பேட்டைத் தானே தயாரிக்கும் திறன் மிகக் குறைவு. ஆகவே கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் சல்பேட் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. செல்களுக்குள் சல்பேட்டைக் கொண்டுசெல்லும் மரபணு பழுதானால், கைகால் குறுகிய குழந்தை பிறப்பதும் உண்டு. பிள்ளையின் எலும்பு வளரக்கூடத் தாய் தன் இரத்தத்திலிருந்து கொடுக்கிறாள் என்பது எத்தனை பெரிய காரியம்!

அந்தத் தாய்க்கே ஆபத்து வரும் வேளை ஒன்று உண்டு. நம் ஊர்த் தெருக்களில் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். எட்டாம் மாதம், முதல் பிள்ளை. பகலெல்லாம் தறியருகே இருந்து பாவுக்கும் ஊடைக்கும் உதவும் பெண். கால் வீங்குகிறது, முகமும் வீங்குகிறது. “முதல் பிரசவம்னா கால் வீங்கத்தான் செய்யும்” என்கிறார்கள் வீட்டில். பிறகு தாங்கமுடியாத தலைவலி. “கண்ணு மங்கலாத் தெரியுதும்மா” என்கிறாள். அன்றிரவே வலிப்பு வருகிறது. இதைத்தான் பிரசவ ஜன்னி என்பார்கள். பேய் பிடித்தது என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. பேயல்ல. நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காததால், தாயின் உடம்பெங்கும் இரத்தக் குழாய்கள் கெட்டு, இரத்த அழுத்தம் ஏறி, மூளை தாக்கப்படுகிறது.

இதற்கு மருந்து தேடியதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் பேராசிரியர் எம்.கே. கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தாயை ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கும் முறையை வகுத்து, 1961இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். இந்தியாவெங்கும் பிரசவ வார்டுகளில் பல்லாண்டுகள் அம்முறை கைக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவிலோ பேதியுப்பை ஊசியாகப் போட்டார்கள். எது நல்லது என்று ஒவ்வொருவரும் தத்தம் ஆசிரியர் சொன்னதையே நம்பியிருந்தோம்.

1995இல் விடை கிடைத்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில் ஏறத்தாழ 1,680 தாய்மாரிடம் செய்த ஆய்வு அது. மீண்டும் வலிப்பு வருவது, டயசிபாம் பெற்றவர்களைவிட மெக்னீசியம் சல்பேட் பெற்றவர்களுக்கு 52 சதவீதம் குறைவு. ஃபெனிட்டாயின் பெற்றவர்களைவிட 67 சதவீதம் குறைவு. மேனன் முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த உப்பே மேலானதாக நின்றது. 2002இல் 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளிடம் செய்த மற்றோர் ஆய்வு, வலிப்பு வருமுன்னே இதைக் கொடுத்தால் ஆபத்து 58 சதவீதம் குறைவதைக் காட்டியது. தங்கள் ஆசிரியரின் முறையை விட்டுவிடுவது எளிதல்ல. ஆனால் தாய்மாருக்காக மருத்துவர்கள் அதை விட்டார்கள்.

இங்கே வேலை செய்வது பெரும்பாலும் மெக்னீசியமே. சல்பேட் அதன் துணை. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்காது, நோயை வேரறுக்கவும் செய்யாது. பிரசவம் ஆனால்தான் நோய் தணியும். அதுவரை மூளையைக் காப்பதே இந்த உப்பின் பணி.

மருந்தின் விலை அற்பம். ஆயினும் கவனம் பிசகினால் இந்த உப்பே கொல்லும். வழக்கமான முறையில் முதலில் 4 கிராம் இரத்தக் குழாயில், பிறகு இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஊசி. அதன்பின் நான்கு மணிக்கொரு தரம் 5 கிராம். பிரசவமோ கடைசி வலிப்போ, எது பிந்தியதோ அதன்பின் 24 மணி நேரம் வரை இது தொடரும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் செவிலியர் மூன்று காரியங்களைப் பார்க்கவேண்டும். முழங்காலைச் சுத்தியால் தட்டினால் கால் துள்ளுகிறதா? நிமிடத்துக்கு 16 மூச்சாவது விடுகிறாளா? நான்கு மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் பிரிந்ததா? ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்தவேண்டும். மூச்சுத் திணறினால் மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கொடுக்கவேண்டும்.

அன்பானவர்களே, ஒரு சிறு ரப்பர் சுத்தியும், நள்ளிரவு இரண்டு மணிக்கும் நாற்காலியை விட்டெழுந்து மூச்சை எண்ணும் ஒரு சகோதரியும் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவான மருந்தும் வீணே. நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்துக்கென்று எண்ணியிருப்பீர்கள். பெரும்பாலும் அது அந்த விழித்திருக்கும் கைகளுக்கே போகிறது.

நீங்கள் காணிக்கையோடு நிற்கவேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கர்ப்பிணி இருந்தால், மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். முகவீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி — இவற்றில் ஒன்றிருந்தாலும் விடியட்டும் என்று காத்திராதேயுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஜன்னி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதேயுங்கள்.

நாங்கள் வார்டில் விழித்திருக்கிறோம். நீங்கள் தெருவில் விழித்திருங்கள். அந்த இரண்டும் சேர்ந்தால், தாயும் பிள்ளையுமாய் வீடு திரும்புவார்கள்.