வயசான பெற்றோரோடு ஒரு நாள் பயணம்

(தோட்டக் குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமலாப நிதியைப் பற்றியோ கிளினிக்கைப் பற்றியோ பேசுவோம். இன்றைக்கு வேறு விசயம். நம்ம வீட்டு வயசாளிகளை ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போய் வருவது எப்படி என்று பேசப் போகிறேன். "இதுல என்ன பேச்சு, வேனைப் புடிச்சாப் போச்சு" என்று சிலர் நினைக்கலாம். வேன் பிடிப்பது லேசு. அந்த வேனில் வருகிற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த நாள் சந்தோசமாக முடிய வேண்டும். அதற்குத்தான் யோசனை வேண்டும்.

நம் பெரியவர்கள் முப்பது, நாற்பது வருசம் ஒரே மலையில் ஏறி இறங்கியவர்கள். வேலையை விட்ட பிறகும் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது, விறகு பொறுக்குவது, அடுப்பைப் பார்ப்பது என்று ஓய்வில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மட்டும் நுவரெலியாவைப் பார்த்தவர்கள் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள்.

நாம் பயணம் போகிற விதத்தைப் பாருங்கள். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன். விடிய முன்னே புறப்பாடு. ஒரே நாளில் ஐந்து இடம். மூன்றாவது இடத்தில் அம்மா சொல்லுவார்: "நீங்க போயிட்டு வாங்க, நான் வேன்லயே இருக்கேன்." பிள்ளைகளும் "அம்மாவுக்கு இதெல்லாம் புடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிடிக்காமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிறது. மலசலகூடம் எங்கே என்று தெரியாது, கேட்க வெட்கம். தனக்கு ஒரு டிக்கெட் காசாவது மிச்சமாகட்டும் என்ற எண்ணம். இப்படி ஒரு பயணம் போய் வந்த அம்மா ஒருவர், காலையிலிருந்து பொழுது சாயும் வரை தண்ணீரே குடிக்கவில்லை என்று சொன்னார். ஏன் என்று கேட்டேன். "வழியில நிப்பாட்டச் சொன்னா டிரைவர் தம்பி கோவிச்சுக்கும்" என்றார். வந்து இரண்டு நாள் படுத்துவிட்டார். ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பயணத்தை வேனின் வேகத்துக்குப் போடாதீர்கள். பெரியவரின் காலுக்குத் தக்கபடி போடுங்கள்.

முதலாவது, அவரிடமே கேளுங்கள். "எங்க போகணும்?" என்று கேட்டால், "எங்கயாச்சும் போவோம்" என்றுதான் பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். சின்ன வயசில் எந்தத் தோட்டத்தில் இருந்தார், யாரைப் பார்த்து வெகு நாளாகிறது என்று பேச்சுக் கொடுங்கள். ஒருவருக்குப் பிறந்த தோட்டத்தைப் பார்க்க ஆசை இருக்கும். இன்னொருவருக்கு வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சியைப் பார்க்க ஆசை. பூந்தோட்டத்தையும் அருவியையும் விட அது அவருக்குப் பெரிய பயணம்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. ஹட்டன் பக்கத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். தலவாக்கலைக்கு முன்பே டெவோன் அருவியும் சென்கிளயர் அருவியும் ரோட்டிலிருந்தே தெரியும். படி இறங்கத் தேவையில்லை. பத்து நிமிசம் நிறுத்தினால் போதும். மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு சென்கிளயரில் தண்ணீர் குறைந்துவிட்டது. முன்பு எப்படிக் கொட்டியது என்று அப்பா சொல்லுவார், பிள்ளைகள் கேட்கட்டும்.

நுவரெலியாவைத் தாண்டி பதுளை ரோட்டில் சீதாஎலியவில் சீதையம்மன் கோயில் ரோட்டோரமாகவே இருக்கிறது. 2024 மே மாதத்தில் கும்பாபிஷேகம் நடந்த கோயில். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஹக்கல பூந்தோட்டம். 1861இல் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்க ஆரம்பித்த இடம் அது. மலைச்சரிவில் இருப்பதால் முழுவதையும் சுற்ற வேண்டாம். கீழ்ப்பகுதியைப் பார்த்துவிட்டு, ஒரு வாங்கில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டு, பூவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கோயிலும் பூந்தோட்டமும், அந்த நாளுக்கு இவ்வளவுதான். இருட்ட முன்னே வீட்டுக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது, நாள் பார்ப்பது. நல்ல நாள் பார்க்கிறோம், மழையையும் பார்க்க வேண்டும். நம்ம மேற்குப் பக்க மலைகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. ஜனவரி முதல் மார்ச் வரை பரவாயில்லை, ஆனால் காலைக் குளிர் கடுமை. ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன் சனம், நிற்க இடம் கிடைக்காது. 2025 நவம்பரில் டிட்வா புயலில் மலைநாடு முழுக்க மண் சரிந்து, ரோடும் ரயில் பாதையும் உடைந்ததை நாம் மறக்க முடியாது. அதனால் எந்த ரோடு திறந்திருக்கிறது, ரயில் எதுவரை ஓடுகிறது என்று முதல் நாளே விசாரியுங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

நாலாவது, மருந்து. கிளினிக் கொப்பியும் அன்றைய குளிசைகளும் கைப்பையில் இருக்க வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கிற சில குளிசைகள் அடிக்கடி சிறுநீர் போக வைக்கும். அதற்காக அன்றைக்கு விட்டுவிடலாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சீனி வியாதிக்காரர் குளிசையைக் குடித்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். உடனே சீனி கரைத்த தண்ணீரோ டொபியோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஐந்தாவது, வேனில் அவர் உட்காரும் இடம். பின் சீட்டில் வளைவுக்கு வளைவு ஆட்டம், வாந்தி வரும். முன்னுக்கோ கதவுக்குப் பக்கத்திலோ உட்கார வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நிறுத்த வேண்டும் என்று ஹயர் பேசும்போதே டிரைவரிடம் சொல்லுங்கள். அப்போது அம்மா கேட்டு நிற்க வேண்டியதில்லை. வழுக்காத செருப்பு, குளிர்சட்டை, குடை, சுடுதண்ணிப் போத்தல் மறக்காதீர்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரதேச செயலகம் மூலம் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

கடைசியாகக் காசு. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்று பெரியவர்களுக்கு மனசு குத்தும். புறப்படும்போதே அவர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிடுங்கள். உண்டியலில் அவரே போடட்டும். பேரனுக்குக் கடலை அவரே வாங்கிக் கொடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மகனிடம் கை நீட்டாமல் இருப்பது அவருக்கு மரியாதை.

இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேட்டால் "ஒன்னும் வேணாம்" என்று சொல்லாதீர்கள். கால் வலித்தால் வலிக்கிறது என்றும், ஆசை இருந்தால் இருக்கிறது என்றும் வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தானே தெரியும்.

பிள்ளைகளே, அடுத்த வருசம் போவோம் என்று தள்ளாதீர்கள். அடுத்த வருசம் அந்தக் காலில் இந்தப் பலம் இருக்குமோ என்னவோ. தூரம் போக முடியாதவரைப் பக்கத்து டவுனுக்காவது கூட்டிப் போய், ஒரு கடையில் உட்கார வைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். அதற்கும் அவர் முகம் மலரும்.