பள்ளித் தட்டில் பக்கத்து வயல்

பிரேசிலில் 2009-இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்றது. எனக்குப் பெரிதாகப் படுவது வாங்கும் முறைதான். டெண்டர் விட்டால் ஒரு ஏக்கர் மரவள்ளி போட்டவர் பெரிய வியாபாரியோடு எப்படி மல்லுக்கட்டுவார்? அதனால் அந்தக் கொள்முதலுக்கு டெண்டர் கட்டாயமில்லை என்று விதி செய்தார்கள். விலையை முன்கூட்டியே அறிவித்து, விவசாயிகளை அழைக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை. ரசாயனம் போடாமல் விளைவித்தால் 30 சதவீதம் வரை கூடுதல் விலையும் தரலாம். காலையில் பறித்த கீரை, மண் வாசம் போகாத கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் மதியத்துக்குள் பள்ளி அடுப்படிக்கு வந்துவிடலாம். நட்டவருக்கோ, விதைக்கும்போதே விலை தெரியும்.